சுவரில் மாட்டிய அத்தை

வைகாசி பிறந்து மூன்றாம் நாள் காலையில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த நாற்பத்தொரு படங்களில் ஒரே ஒரு படத்தின் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

உப்பளத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் வீட்டில் இது நடக்கிற காரியம் இல்லை. இரவு முழுக்கக் கடலில் இருந்து வீசுகிற காற்று, பாத்திகளில் தேக்கி வைத்த உப்புத் தண்ணீரின் மேல் புரண்டு எழுந்து வந்து, ஜன்னல் கம்பி, பூட்டு, பீரோ கைப்பிடி, கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி என்று ஒன்று விடாமல் பிசுபிசுவென்று ஒரு படலம் பூசிவிட்டுத்தான் போகும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். விடிந்ததும் ஈரத்துணி போட்டால்தான் எதிலும் முகம் தெரியும். செல்லப்பனுக்கு அறுபத்து மூன்று வருஷமாக இது பழக்கம். அன்றைக்கும் நாற்பது படங்களில் இருந்தவர்கள் புகைக்குள் நிற்பதுபோல் மங்கிக் கிடந்தார்கள். நடுவில் இருந்த பெண் மட்டும் தெளிவாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி கமலாம்பாளைக் கேட்டார். அடுப்படியை விட்டே இன்னும் வெளியே வரவில்லை என்றாள். மகள் சிவசங்கரி தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லப்பன் தாமே துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து நாற்பது படங்களையும் துடைத்தார். நடுப்படத்தின் பக்கம் கை போகவில்லை. அதுதான் சுத்தமாக இருக்கிறதே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அந்தப் படங்களில் ஒன்றுகூட அந்த வீட்டாருடையது இல்லை.

சிவசங்கரிக்கு இருபத்தெட்டு வயது. சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த அன்று வெள்ளைச் சுவரும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக இருந்த கூடத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதுப்பா என்றாள். அப்புறம் நிரப்ப ஆரம்பித்தாள். புதுச்சேரியில் இடிபடுகிற வீடுகளில் இருந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த கதவுகள், பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலிகள், இடுப்பு உயரப் பீங்கான் ஜாடிகள், பூப்போட்ட எனாமல் தட்டுகள், கால் ஒட்டுப்போட்ட தேக்கு மேஜை, மேஜை மேல் பித்தளைக் கூஜாக்கள், கூஜாவுக்குள் மயிலிறகு, ஜமக்காளத்தின் மேல் ஜமக்காளம், அதன் மேல் வெல்வெட் திண்டுகள். ஒரு சாண் இடம் வெறுமையாகக் கண்ணில் பட்டால் அவளுக்குப் பொறுக்காது. வீடு நெறைஞ்சு இருக்கணும்ப்பா என்பாள். வெளியே குறை சொன்னாலும் செல்லப்பனுக்கு உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது. நாலு தலைமுறைச் செல்வாக்கு அந்தக் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிட்டது.

படங்கள்தான் உறுத்தின. கூனிமேட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய், இறந்தவர்களின் படங்களைச் சட்டத்துக்காகத்தான் வாங்குவார். முகத்தை எடுத்துட்டு ஃப்ரேமை மட்டும் கொண்டு போம்மா, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க என்று அவர் சொல்லியும் சிவசங்கரி கேட்கவில்லை. அவளுக்கு முகங்கள்தான் வேண்டியிருந்தன. தலைப்பாகை வைத்த கிழவர்கள், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கும் பிள்ளைகள், கழுத்து கொள்ளாமல் நகை போட்ட பெண்கள்.

"யார் வீட்டுப் பொணத்தையோ கொண்டாந்து நம்ம கூடத்துல மாட்டுறியே" என்றார் செல்லப்பன்.

"நம்ம வீட்டுப் பொணத்துக்குத்தான் படமே இல்லையேப்பா" என்று சிரித்தாள் மகள்.

அது உண்மை. பழைய படம் எதுவும் அந்த வீட்டில் கிடையாது. புயலில் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

இதற்கு மூன்று மாதம் முன்னால், மாசியில், பிரம்மதேசத்துச் சக்கரபாணி தம் மகன் சித்தார்த்தனுக்குப் பெண் பார்க்க வந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். சுற்று வட்டாரத்தில் அவர் சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. காபி ஆறிக்கொண்டிருக்க, மனிதர் சுவரைப் பார்த்துக் கை கட்டி நின்றுவிட்டார். தம் வீட்டில் பாட்டனாருக்கே படம் இல்லை என்றும், இத்தனை பேரைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரிய விஷயம் என்றும் சொல்லி, ஒவ்வொருவரும் யார் என்று கேட்டார்.

கடையில் வாங்கியது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சு செல்லப்பனுக்கு வரவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால், யாரோ தொலைத்த முகங்களைக் காசு கொடுத்து வாங்கி அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? இது பாட்டனார், அது அவர் தம்பி, அவங்க பெரிய பாட்டி என்று கை தானாகக் காட்டிக்கொண்டு போனது. சக்கரபாணியின் மனைவி நடுப்படத்தின் முன் நின்றாள். பாவாடை தாவணியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண். பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, பூத் தைத்த ஜடை அதில் தெரிகிற மாதிரி எடுத்திருந்தார்கள்.

"எங்க அத்தை. அப்பா கூடப் பொறந்தவங்க" என்றார் செல்லப்பன். "அமிர்தவல்லின்னு பேரு. கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டாங்க."

"அப்ப இவங்கதான் உங்க பூவாடைக்காரியா?"

"ஆமாங்க" என்றார்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியை அழைக்காமல் பந்தல்கால் ஊன்ற மாட்டார்கள். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த தம் குடும்பத்துப் பெண்ணைத் தண்ணீர்க்கரையில் நின்று பேர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிட்டு, கலசத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து, புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். அந்தச் சேலையைக் கல்யாணப் பெண் உடுத்திக்கொண்டு வந்து விழுந்து கும்பிடுவாள். வந்தவள் வாழ்த்திவிட்டுப் போவாள்.

அவர்கள் போன பிறகு கமலாம்பாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அந்தப் படையலை யாருக்குப் போடுவீர்கள் என்று. பேசியது பேசியாகிவிட்டது என்றார் செல்லப்பன். சிவசங்கரிக்கோ அது பெரிய வேடிக்கை. அமிர்தவல்லி ஆயா, நான் மீட்டிங் போறேன், சத்தம் போடாதே என்று ஒரு வாரம் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சொல்வதற்கு வேறொரு பெயர் அந்த வீட்டில் இருந்தது. செல்லப்பனின் அக்கா வசந்தா. உப்பு வார வந்த ஒருவனோடு அவளுக்குப் பேச்சு இருந்தது என்று தெரிந்த அன்று அப்பா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது பதினேழு வயதுச் செல்லப்பனை. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செல்லப்பா, கதவத் தொறடா என்று பொழுது இருட்டும் வரை அவள் கேட்டாள். மறுநாள் பாத்திக்குத் தண்ணீர் பாய்கிற ஓடையில் கிடந்தாள். இமை மயிரில் உப்புப் பூத்திருந்தது. அப்பா அவள் இருந்த படங்களை எல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். அவள் இல்லாத படமே வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பேரை இந்த வீட்டில் எவனும் வாயில் எடுக்கக் கூடாது என்றார். செல்லப்பன் அதற்குப் பிறகு எடுத்ததில்லை. தம் கல்யாணத்தில்கூட எடுத்ததில்லை.

வைகாசியில் அந்தத் துடைத்த கண்ணாடியைப் பார்த்ததற்கு மறுநாள் சத்தம் கேட்டது. பகல் பன்னிரண்டரை மணி. உப்பளத்தில் ஆட்கள் காலையிலேயே கரையேறிவிடுவார்கள். உச்சிப் பொழுதில் ஒரு காக்கைகூட அந்த வெள்ளை வெளியைத் தாண்டிப் பறக்காது. வெயில் மேலிருந்து ஒரு பங்கும் உப்பில் பட்டுக் கீழிருந்து ஒரு பங்குமாக வந்து கண்ணை அறுக்க, கண்ணாடிக் கதவுகள் அதைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றிக் கூடத்துத் தரையில் கொட்டும். பெண்கள் இருவரும் கல்யாணச் சாமான் வாங்கத் திண்டிவனம் போயிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்த செல்லப்பனின் மூக்குக்கு, ஜடையில் பூவோடு வைத்துத் தைக்கிற தவனத்தின் வாசமும், தலையில் ஊறிப்போன தேங்காய் எண்ணெயின் சிக்கு வாசமும் சேர்ந்து வந்தன. அப்புறம் ஈரத்துணி கண்ணாடியில் தேய்கிற ஓசை. கீச். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் கீச். அவசரமில்லாத கை. தன் வீட்டில் தன் வேலையைச் செய்கிறவளின் கை.

எழுந்து போனார். கூடத்தில் யாரும் இல்லை. நடுப்படத்தின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரிக்கவில்லை.

சாயங்காலம் கமலாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டே படையலுக்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, "உங்க அத்தைக்குக் கார கொழுக்கட்டைன்னா உசுருன்னு உங்க அம்மா சொல்லுவாங்க இல்ல" என்றாள்.

செல்லப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏதுடி அத்தை?" என்றார் மெதுவாக.

அவள் நிமிர்ந்து, வயசாகிவிட்டது என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று படுக்கையில் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாலைந்து வயதுப் பிள்ளையாக ஒருத்தியின் இடுப்பில் உட்கார்ந்து வரப்பின் மேல் போகிறார். அவள் கை வளையல்கள் அவர் தொடையில் அழுந்துகின்றன. நிமிர்ந்து பார்க்கிறார். குனிந்து பார்க்கிற முகம் அந்தப் படத்து முகம். இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்பா தனிப்பிள்ளை. தெரியும். ஆனாலும் தொடையில் வளையல் அழுந்திய இடம் விடியும் வரை அரித்துக்கொண்டே இருந்தது.

பாப்பாத்தியிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவேதான் பேச்சை எடுத்தாள். எழுபது வயதிலும் உப்பு வாருகிறவள். குதிகாலில் தோல் வெடித்து வெள்ளையாகக் காய்ந்திருக்கும். வசந்தாவும் அவளும் ஒரு வயது. களத்து மேட்டில், குவித்த உப்பின் மேல் கீற்று போர்த்திக்கொண்டிருந்தவள், செல்லப்பன் வருவதைப் பார்த்துக் கீற்றைக் கீழே போட்டாள்.

"பூவாடைக்காரிய கூப்பிடப் போறீங்களாமே. யாருங்க அது?"

"எங்க அத்தை" என்றார். யோசிக்காமல் வந்தது.

பாப்பாத்தி சிரித்தாள். "உங்க அப்பாரு பொறந்தப்ப பிரசவம் பாத்தது எங்க பெரியாயா. எனக்குத் தெரியாம உங்களுக்கு ஒரு அத்தையா? எந்தக் கடையில வாங்கினீங்க?"

அவர் நகரப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறது, நாற்பத்தாறு வருஷமாகக் காத்திருக்கிறது, ஆடிக்கு ஆடி அந்த ஓடையில் நான்தான் ஒரு முழம் பூ போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிறகு கையில் ஒட்டியிருந்த உப்பைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"வர்றவ பொண்ணு மேலதாங்க எறங்குவா. நம்ம ரத்தமா இருந்தா, நம்ம புள்ளையாச்சேன்னு வாழ்த்திட்டுப் போயிடுவா. அன்னியத்த அத்தைன்னு முறை வெச்சி கூப்பிட்டா, அவ எதுக்குங்க திரும்பிப் போவணும்? அவளுக்கு வேற போக்கிடம் ஏது?"

உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். முதுகை நிமிர்த்தித்தான் நடந்தார். வரப்பு முடிகிற இடத்தில் நின்றுவிட்டார். சிவசங்கரியின் முகம் கண்ணுக்குள் வந்தது. தூக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற முகம்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி நடுப்படத்தைக் கழற்றினார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. துணியில் சுற்றி, மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் செருகினார். மறுநாள் காலையில் அது சுவரில் இருந்தது. கமலாம்பாள் கண் கலங்கி நின்றாள். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் பெற்ற தகப்பனோடு பிறந்தவளை மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவளோடு பேசிப் பயனில்லை. செல்லப்பன் மகளிடம் போனார். ஏமாற முடியாதவள் ஒருத்திதான் மிச்சம். வாங்கியவள் அவள். பாயிடம் பேரம் பேசி, வண்டி பிடித்து, பின்னால் ஏறி உட்கார்ந்து சட்டங்களைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தவள்.

சிவசங்கரி மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"சங்கரி, அந்த நடுப்படம். அத நீ எங்க வாங்கின?"

"எதுப்பா?"

"அந்தப் பொண்ணு படம்மா. கூனிமேட்டுக் கடையில வாங்குனியே."

அவள் சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஆயா படத்தை எதுக்குப்பா கடையில வாங்கணும்? அது ஆதியில இருந்து நம்ம வீட்லயே இருக்குதே. அதுக்குப் பக்கத்துல வெறும் செவுரா இருந்துச்சுன்னுதான மத்ததெல்லாம் வாங்கினேன்."

அவள் மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். ஆங்கிலத்தில் யாருக்கோ பதில் சொன்னாள். தலை முடியில் இருந்து தவன வாசம் வந்தது.

ஒரே வழிதான் இருந்தது. கரையில் நின்று வசந்தாவைக் கூப்பிட வேண்டும். பேரைச் சொல்லி, அக்கா என்று முறை சொல்லி. சக்கரபாணி யார் அது என்று கேட்பார். சொல்ல வேண்டும். நடுப்படத்தில் இருப்பவள் எங்கள் அத்தை இல்லை, சுவரில் இருக்கிற ஒருத்தரும் எங்களுக்கு ஒன்றும் ஆக மாட்டார்கள், எங்கள் வீட்டுப் பெண்ணை நாங்களே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம், தாழ்ப்பாளைப் பிடித்தது நான். இத்தனையையும் சம்பந்திக்காரர் முன்னால், பம்பைக்காரர்கள் முன்னால், ஊர் முன்னால். கல்யாணம் நின்று போகும். பெண் இருப்பாள். செல்லப்பன் இதை ஆறு நாள் மனசுக்குள் சொல்லிப் பழகினார். குளிக்கும்போது சொன்னார். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில், காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட முடியும் என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் குட்டைக்கரைக்குப் போனார்கள். முன்னால் பம்பை, உடுக்கை. சக்கரபாணி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கரையில் நின்றார்; அவர் பக்கத்தில் பெண்கள் தாம்பாளத்தில் பூவும் மஞ்சளும் அரக்குச் சேலையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். குட்டைக்கு அந்தப் பக்கம் உப்பளம். சூரியன் இறங்கிவிட்டிருந்தாலும் உப்பு வெளிச்சத்தை விடவில்லை. தரையில் இருந்து சாம்பல் வெள்ளையாக ஒரு ஒளி எழும்பி, ஆட்களின் முகத்தைக் கீழிருந்து காட்டியது. செல்லப்பன் கலசத்தை ஏந்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பம்பை நின்றது.

கடைசிப் பாத்தியின் நடுவில் ஒரு உப்புக் குவியல் தெரிந்தது.

பாத்தி நடுவில் யாரும் உப்பைக் குவிப்பதில்லை. வாரி, களத்து மேட்டுக்குக் கொண்டு வந்துதான் குவிப்பார்கள். அது நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரம். தலை முதல் கால் வரை வெள்ளை. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் கேட்டு, மறுபடி கூப்பிடுவார்களா என்று காது கொடுக்கிறவள் மாதிரி.

செல்லப்பன் வாயைத் திறந்தார். அக்கா என்று முதலில் சொல்ல வேண்டும். நாக்கு புரளவில்லை. பேரையாவது. உதட்டில் காற்றுப் பட்டது.

"வ…" என்றார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் சக்கரபாணி பின்னால் இருந்து, அன்பாக. "நல்லா வாய்விட்டுக் கூப்பிடுங்க."

கழுத்தின் பின்பக்கம் அத்தனை கண்களும் இருந்தன.

"வாங்க" என்றார் செல்லப்பன். "வாங்க அத்தே. அமிர்தவல்லி அத்தே, நம்ம வீட்டுக்கு வாங்க."

கலசம் கனத்தது. தண்ணீரில் முக்கவே இல்லை, ஆனாலும் கனத்தது. ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்த மாதிரி. பம்பை அடிக்க ஆரம்பித்தது. பெண்கள் குலவை இட்டார்கள். திரும்பிக் கரையேறும்போது அந்த வெள்ளை உருவம் ஒரு பாத்தி கிட்டே வந்திருந்தது. அவர் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

வீட்டில் நாற்பத்தொரு படங்களுக்கும் பூச் சாத்தியிருந்தார்கள். நடுப்படத்துக்குக் கீழே இலை போட்டு, கார கொழுக்கட்டையும் வடையும் பாயசமும் படைத்து, கற்பூரம் கொளுத்தினார்கள். சிவசங்கரி அரக்குச் சேலையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்து, "அப்பா, எனக்கு மடிசார் மாதிரி ஏதாவது கட்டிவுட்டுடப் போறாங்க, பாத்துக்கோ" என்று கிசுகிசுத்துச் சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது.

கதவு சாத்திக்கொண்டது. கற்பூரம் அணைந்தது. இன்னொரு கட்டி வைத்தார்கள். அதுவும் அணைந்தது. உள்ளே வளையல் சத்தம். சிவசங்கரி வளையல் போடுவதில்லை.

கதவு திறந்தது.

ஜடையில் பூத் தைத்திருந்தது. அவ்வளவு பூவைத் தைக்க ரெண்டு ஆள், ரெண்டு மணி நேரம் வேண்டும். உள்ளே ஒருவரும் இல்லை. அவள் தாம்பாளத்தைத் தாண்டி, சக்கரபாணியைத் தாண்டி, நேராக வந்து செல்லப்பனின் முன்னால் நின்றாள். கன்னத்தை ஒரு கையால் வழித்தாள்.

"செல்லப்பா" என்றாள். "எளைச்சிப் போயிட்டியேடா."

கூடத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வந்துட்டா, மனசு குளுந்து வந்துட்டா என்று யாரோ தழுதழுத்தார்கள். சக்கரபாணி கீழே விழுந்து கும்பிட்டார். அவள் எல்லாருக்கும் திருநீறு பூசினாள். வாழ்த்தினாள். பம்பைக்காரப் பெரியவர் முறைப்படி, வந்த தாய் மலையேறணும் என்று கேட்டுக்கொண்டார். அவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள்.

"எங்க போவச் சொல்றீங்க? வாங்கன்னு அவன்தான கூப்பிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். சந்தோஷமான சிரிப்பு. நல்ல சகுனம் என்றார் சக்கரபாணி.

செல்லப்பன் மட்டும் காத்திருந்தார். இலை எடுத்தார்கள். பேச்சு பந்தலுக்கும் சமையல்காரருக்கும் போனது. அவள் கொழுக்கட்டையைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். சிவசங்கரிக்குக் காரம் ஆகாது.

"சிவசங்கரி" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார்.

கமலாம்பாள் பக்கத்தில் வந்தாள். "யாரக் கூப்பிடுறீங்க?" என்றாள். பெற்றவளின் கண்ணில் ஒன்றும் இல்லை.

கொல்லைக் கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாளை நீக்கினார். வெளியே இருட்டு இன்னும் முழுக்க இறங்கவில்லை. உப்பளம் வெளுத்துக் கிடந்தது. குட்டைக்கரையில் பார்த்த வெள்ளை உருவம் வேலிக்கு அடுத்த பாத்தியில் நின்றது. இருபதடி. தலைமயிர் உப்பேறி விறைத்துத் தோளில் கிடந்தது. முகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. சாய்ந்த தலை. கொடுத்த காது.

இப்போது வெட்கம் இல்லை. சம்பந்தி இல்லை. கூப்பிட வேண்டியதுதான். ஒரு பேர். கூப்பிட்டால் வருவாள். வந்து தன் தம்பி பெண்ணை மீட்டுக் கொடுப்பாள்.

வாயைத் திறந்தார்.

பேர் இல்லை.

துழாவினார். மூன்று எழுத்தோ, நாலு எழுத்தோ. அப்பாவின் குரல் இருந்தது. எரிகிற படங்களின் நாற்றம் இருந்தது. இமையில் பூத்த உப்பு இருந்தது. யாருடைய இமை? கதவுக்கு வெளியே நின்று கேட்ட குரல் இருந்தது. யாருடைய குரல்? அவள் எனக்கு என்ன வேண்டும்? சித்தியா? வேலைக்காரியா? அவள் அங்கே இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். காத்திருந்தாள்.

பின்னால் வளையல் சத்தம். தவன வாசம். தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. மகளின் கைதான், சுண்டுவிரலில் பேனா மை.

அவளும் அவர் பார்த்த திக்கில் பார்த்தாள்.

"யார்ரா அது, செல்லப்பா?"

செல்லப்பன் வெகுநேரம் பார்த்தார்.

"தெரியல அத்தே" என்றார்.

பாத்தியில் நின்றவள் சாய்ந்திருந்த தலையை நிமிர்த்தினாள். பிறகு, மெல்ல, கால் ஓய்ந்தவள் உட்காருவதுபோல, அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தாள். முழங்கால் அளவுகூட இல்லாத பாத்தி. இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது. கழுத்து மறைந்தது.